பழைய சுவரும் இன்ஜினியரின் பொறுப்பும்



போன மாதம் ஒரு அம்மா ஆபீசுக்கு வந்தார். மகன் யாழ்ப்பாணத்தில், மயிலிட்டிப் பக்கம் வீடு கட்டும் இடத்தில் கையாள் வேலை. 1990இல் சனங்கள் விட்டுவிட்டு ஓடிய காணி அது. கூரை போன பழைய வீட்டில் ஒரு சுவர் மட்டும் நிற்கிறதாம். அதை ஒட்டியே புது அத்திவாரத்துக்குக் குழி வெட்டுகிறார்கள். பொடியன்கள் படுக்கும் தகரக் கொட்டிலும் அந்தச் சுவரடியில்தான்.

"இன்ஜினியர் ஐயா வந்தாராம். கிட்டப் போய்ப் பார்க்கல. கொந்தராத்துக்காரர் சரின்னா சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். சுவர் விழுந்தா யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்டார்.

கிட்டத்தட்ட இதே கதை 1960களில் இங்கிலாந்தில் வழக்காக வந்தது. கிளே என்ற தொழிலாளிக்கும் கிரம்ப் என்ற கட்டிடக் கம்பெனிக்கும் நடந்த வழக்கு. இடிக்கும் வேலையில் ஒரு சுவரை மட்டும் விட்டுவைத்தார்கள். படம் வரைந்து வேலையை மேற்பார்த்த கட்டிடக் கலைஞர், இடித்தவரிடம் "சுவர் நிற்குமா?" என்று கேட்டதோடு சரி. தானே சோதிக்கவில்லை. சுவர் பக்கத்துக் குடில் மேல் விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் இரண்டு பேர் செத்தார்கள், கிளே காயப்பட்டார்.

"அவர் என் ஆள் இல்லை, எனக்கும் அவருக்கும் ஒப்பந்தம் இல்லை" என்று கட்டிடக் கலைஞர் வாதாடினார். மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கே ஆட்கள் வேலை செய்வார்கள் என்று தெரியும், பார்த்திருந்தால் ஆபத்தும் தெரிந்திருக்கும். ஆகவே நட்டஈட்டில் 42 வீதம் அவர் தலையில். இடித்தவருக்கு 38, கட்டியவருக்கு 20. ஆகக் கூடிய பங்கு படித்தவருக்குத்தான் போனது, கவனித்தீர்களா!

இது இங்கிலாந்துத் தீர்ப்பு. நமது நாட்டில் இப்படியான வழக்குக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். அதிலும், கவனக்குறைவால் ஒருவருக்குக் கேடு செய்தவர் ஈடு கட்டத்தான் வேண்டும். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டிட வேலைகளுக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டிலும் பார்த்தோம். 2014 ஜூன் 28, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த கூலியாட்கள். கம்பெனிக்காரரோடு இன்ஜினியர்மாரையும் பொலிஸ் பிடித்தது.

இன்ஜினியர் மேல் வழக்கென்றால் அவருடைய பிழையைக் காட்ட வேண்டும், வருஷக் கணக்கில் இழுக்கும். வேலை கொடுத்தவரிடம் கேட்பது வேறு வழி. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தில் யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையால் வந்த விபத்து என்றால் போதும். 2022இல் அதன் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாகக் கூட்டினார்கள். ஆனால் வேலை செய்ததற்குச் சாட்சி வேண்டுமே! நம்ம பிள்ளைகள் கொந்தராத்துக்காரரின் முழுப்பெயர்கூடத் தெரியாமல் பஸ் ஏறுகிறார்கள். சம்பளத் துண்டு, வேலைக்கு வந்த நாட்கள், காணி இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, ஒரு பிரதியை வீட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். அடிபட்டால் ஆஸ்பத்திரித் துண்டைத் தொலைக்க வேண்டாம். பொலிஸில் என்ட்ரி போட்டு, தொழில் திணைக்களக் காரியாலயத்துக்கும் அறிவியுங்கள்.

அந்த அம்மா என் முன்னாலேயே மகனுக்குப் போன் எடுத்தார். "முதல்ல கொட்டில அந்தப் பக்கம் மாத்துடா. சுவத்துக்கு முட்டுக் கொடுக்காம குழிக்குள்ள இறங்காத" என்றார். நான் சொல்ல வாயெடுத்ததும் அதுதான்.