சங்க இழுவண்டியின் பலகைத் தளம்

கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் சில, அங்கத்தினரின் நெல்லையும் உரத்தையும் ஏற்றிச் செல்லும் பொருட்டு, டிராக்டருடன் இணைக்கும் டிரெய்லர் என்னும் இழுவண்டியை வைத்து வாடகைக்கு விடுகின்றன. அவற்றுட் சிலவற்றின் தளம் இரும்புத் தகடு. சிலவற்றின் தளம் மரப்பலகை. மரத்தளம் மேற்புறத்தில் உறுதியாகத் தோன்றும்போதே அடிப்புறத்தில் இற்றுப்போகும் இயல்புடையது. தலையில் மூட்டையோடு நிற்கும் சுமையாளின் கால் பலகையை முறித்துக்கொண்டு கீழே இறங்கிய பின்னர் விழித்துக்கொள்வதால் பயனில்லை. ஆதலின் தளத்தை ஆராய்வது எவ்வாறு, மாற்றுவது எவ்வாறு, அதற்குப் பணம் சேர்ப்பது எவ்வாறு என்னும் மூன்றும் இப்பாடத்திற் கூறப்படுகின்றன. டயர் பூட்டிய மாட்டு வண்டிக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும்.

1. பழுதை அறிதல்

மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருக்குமாயின் பூஞ்சை அதிற் பற்றுவதில்லை. ஆகவே ஈரம் தங்கும் இடங்களே முதலில் கெடும். அவை, பலகை இரும்புச் சட்டத்தின்மேற் படியும் இடம், போல்ட்டுத் துளையின் ஓரம், பலகையின் இரு முனைகள், சேறும் எருவும் அடைந்து கிடக்கும் மூலைகள் ஆகியனவாம். உரம் சிந்திய இடத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் போல்ட்டும் விரைவில் துருவேறும்.

பஞ்சாயத்தார் இருவர் தச்சர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, ஆண்டுக்கொருமுறை வண்டியின் அடியிற் புகுந்து பார்த்தல் வேண்டும். குத்தூசியால் அழுத்தினால் ஊசி எளிதில் இறங்கும் பலகையும், சுத்தியால் தட்டினால் மந்தமான ஓசை தரும் பலகையும் கெட்டவை. ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருந்தால் அவற்றை மாத்திரம் மாற்றலாம். பாதிக்கு மேற் கெட்டிருந்தால் தளம் முழுவதையும் மாற்றுவதே சிக்கனம். கெட்ட பலகையின்மேல் தகரத்தை அடித்து மூடுவது கூடாது. தகரத்தின் அடியில் ஈரம் தங்கி மரம் முன்னிலும் விரைவாகக் கெடும்; கேடும் கண்ணுக்குத் தெரியாமற்போம்.

2. மரம் தெரிதல்

தேக்கு, வேங்கை, கருமருது ஆகியவற்றின் வைரம் தளத்துக்கு ஏற்றது. உள்ளூரில் வேம்பு, கருவேல் கிடைக்குமாயின் அவையும் உதவும். மா, இலவு போன்ற மென்மரங்கள் விலையில் மலிவாயினும் நீடித்து உழைப்பதில்லை. எம்மரமாயினும் வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில் பூச்சியும் பூஞ்சையும் விரைவிற் பற்றும். அது கலந்த பலகையைத் தள்ளிவிடல் வேண்டும். மரவாடியில் ரசீது பெற்றே வாங்குதல் வேண்டும்.

பச்சைமரம் காயும்போது சுருங்கி, முறுக்கி, வெடிக்கும். நிழலில் இடையிடையே குச்சி வைத்து அடுக்கிக் காயவைக்கும் பலகைக்கு, அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. காய்ந்ததா என்றறிய, பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டு அறுத்து, சங்கத்தின் தராசில் நிறுத்து, வெயிலில் ஒரு வாரம் வைத்து மீண்டும் நிறுக்கலாம். எடை மிகவும் குறைந்திருந்தால் மரம் இன்னும் காயவில்லை என்பது பொருள்.

3. அளவும் கணக்கும்

தளம் 10 அடி நீளம், 6 அடி அகலம் என்றும், பலகை 1½ அங்குலக் கனம், 8 அங்குல அகலம் என்றும் கொள்வோம். பலகைகளை வண்டியின் நீளவாட்டிற் பரப்பினால் மண்வெட்டி தடையின்றி ஓடும். 6 அடிக்கு 72 அங்குலமாதலின் 9 பலகைகள் வேண்டும். பலகைக்குப் பலகை அரைக்கால் அங்குலம் இடைவெளி விடின், எட்டு இடைவெளிக்கு 1 அங்குலம் ஆகும். ஆகவே ஒரு பலகையை மட்டும் 7 அங்குலமாகச் சீவுதல் வேண்டும். மரத்தின் அளவு 7½ கன அடி. கழிவுக்குப் பத்திலொரு பங்கு சேர்த்தால் 8¼ கன அடி.

குறுக்குச் சட்டங்கள் 2 அடிக்கு ஒன்றாக ஆறு இருந்தால், பலகையின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு, நடுவிலுள்ள நான்கு சட்டங்களில் ஒவ்வொன்று, ஆகப் பலகைக்கு 8 போல்ட்டு. ஒன்பது பலகைக்கு 72 போல்ட்டு.

4. வேலை செய்யும் முறை

அறுவடை நடை முடிந்து வண்டி ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களே தக்க காலம். அப்பொழுது மரம் நன்கு காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஊறிப் பருக்குமாதலால், மேலே சொன்ன இடைவெளியை விடாது இறுக்கி அடித்தால் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி மேலெழும். நெல் சிந்தாதிருக்கத் தளத்தின்மேல் படுதா விரித்தல் போதும்.

முதலில் சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, வண்டியின் முன்பக்கத்தை உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துக. துருவேறிய நட்டுகளுக்கு முந்திய இரவே மண்ணெண்ணெய் விடுக. அப்படியும் கழலாதவற்றை அறுத்தெடுக்கலாம். பலகைகள் நீங்கியபின் அடிச்சட்டம் முழுதும் கண்ணுக்குத் தெரியும். பற்றவைத்த இடங்களில் வெடிப்பு உண்டா, இழுகொண்டியும் அதன் ஆணியும் தேய்ந்தனவா, அச்சு நேராயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இதனினும் நல்ல சமயம் வாய்க்காது. பின்பு துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு இரண்டு பூச்சுப் பூசி உலரவிடுக.

புதிய பலகையின் முனையிலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளியே துளையிடுக; இன்றேல் முனை பிளக்கும். போல்ட்டின் தலை பலகை மட்டத்துக்குக் கீழே அமைதல் வேண்டும். மேலே துருத்தினால் சாக்கைக் கிழிக்கும், காலையும் தடுக்கும். அடியில் வாஷர் இட்டு நட்டு முடுக்குக. வெறும் ஆணி அடித்தல் தகாது. வண்டியின் ஆட்டத்தில் ஆணி நாளடைவில் மேலெழும். ஒரு மாத ஓட்டத்துக்குப் பின் எல்லா நட்டுகளையும் மறுமுறை முடுக்குதல் இன்றியமையாதது.

5. எண்ணெய் பூசுதல்

பலகையின் அடிப்புறம், முனை, துளை ஆகியவற்றுக்குப் பொருத்துமுன்னரே ஆளிவிதை எண்ணெய் ஊட்டுதல் வேண்டும். பொருத்தியபின் தூரிகை அங்கே எட்டாது. என்ஜினிலிருந்து வடித்த கழிவெண்ணெயைச் சிலர் பூசுகின்றனர். அது சாக்கிலும் நெல்லிலும் ஒட்டும். உண்ணும் பொருளை ஏற்றும் வண்டிக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தைகளைக் குவித்து வைத்தால் அவை தாமே சூடேறித் தீப்பற்றும். அவற்றை விரித்து உலர்த்துக, அல்லது நீரில் அமிழ்த்துக.

6. பணத்துக்கு வழி

செலவு மொத்தம் 24,000 ரூபாய் என்றும், தளம் 8 ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000 ரூபாய் ஆகிறது. வண்டி ஆண்டில் 300 நடை போகுமாயின் நடைக்கு 10 ரூபாய். வாடகையிலிருந்து இத்தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவரும் சங்கம், தளம் கெடும் நாளில் கடன் தேடி அலையாது. ஒதுக்காத சங்கமோ வாடகை முழுவதையும் லாபமென்று எண்ணி, மரம் தேய்வதை மறந்துவிடும். வேலைக்குப் பஞ்சாயத்தார் தீர்மானம் வேண்டும். கழித்த மரமும் இரும்பும் இருப்பில் ஏறி, ஏலத்தில் விற்கப்படுதல் வேண்டும்.

தன் வீட்டு வண்டியின் பலகை ஆடினால் குடியானவன் அன்றே தச்சரை அழைக்கிறான். சங்கத்தின் வண்டியோ எல்லாருக்கும் உரியதாதலின் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. அவ்வாறு குனிந்து பார்க்கும் பொறுப்பை இன்னார்க்கென்று பெயர் குறித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதே இவ்வேலையின் முதற்படி.

அங்கத்தினர் கலந்து பேசுதற்குரிய வினாக்கள்

1. நம் சங்க வண்டியின் அடிப்புறத்தைக் கடைசியாகப் பார்த்தவர் யார், எப்பொழுது?
2. 12 அடி நீளம், 6 அடி அகலமுள்ள தளத்துக்கு 1½ அங்குலப் பலகை எத்தனை கன அடி வேண்டும்?
3. நம் வண்டிக்கு நடைக்கு எவ்வளவு ஒதுக்குதல் தகும்?