சக்கரங்களின்மேல் ஒரு சிற்றில்லம்

ஜெர்மனி நாட்டின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு அணித்தாக, இஸ்னி என்னும் சிறு நகரம் உள்ளது. அங்கே டெத்லெஃப்ஸ் குடும்பத்தார் 1832ஆம் ஆண்டு தொடங்கிக் குதிரைச் சவுக்குகள் செய்து விற்று வந்தனர். பின்னாளில் பனிச்சறுக்குக்கு வேண்டிய ஊன்றுகோல்களையும் செய்தனர். அக்குடும்பத்தில் தோன்றிய அரிஸ்ட் டெத்லெஃப்ஸ், சரக்கு விற்கும் பொருட்டு வீட்டை விட்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருந்தது. அவர் மணக்கவிருந்த ஃப்ரிடெல் எடெல்மன் அம்மையாரோ இயற்கைக் காட்சிகளைத் தீட்டும் ஓவியர். பொருள்வயிற் பிரிவு என்று தமிழ்ப் புலவர் வகுத்துரைத்த துன்பம் தமிழ் நிலத்துக்கு மட்டும் உரியதன்று. அத்துன்பத்தை ஏற்க அம்மையார் உடன்படவில்லை. தாமும் உடன் செல்லவும், சென்ற இடத்தில் தங்கி ஓவியம் தீட்டவும் ஏற்றதாக, நாடோடி மக்களின் வண்டியைப் போன்றதொரு வண்டி வேண்டும் என்று விரும்பினார்.

அவ்விருப்பத்தை நிறைவேற்றவே 1931ஆம் ஆண்டில் அரிஸ்ட் தம் காரின் பின்னே பூட்டி இழுக்கத்தக்க சிறு வீடொன்றைக் கட்டினார். ‘வீட்டு வண்டி’ என்னும் பொருள்பட அதனை ஜெர்மன் மொழியில் ‘வோன்ஆட்டோ’ என்று அழைத்தனர். அந்நாட்டில் எழுந்த முதல் கேரவன் என இன்றும் அது போற்றப்படுகிறது. மகள் பிறந்தபின் அவளும் அப்பயணங்களில் பங்கு கொண்டாள். வழியில் கண்டவர்கள் தமக்கும் அத்தகைய வண்டி வேண்டும் எனக் கேட்கலாயினர். சவுக்குச் செய்த தொழிற்சாலை, சிறிது சிறிதாக வீடு செய்யும் தொழிற்சாலை ஆயிற்று.

இதற்கு முன்னரும் இன்பப் பயணத்துக்கென்று வீட்டு வண்டி செய்தவர் உண்டு. இங்கிலாந்தில் கடற்படை மருத்துவராய் இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ், 1885ஆம் ஆண்டில் 18 அடி நீளமுள்ள வண்டியொன்றைச் செய்வித்து, ‘வாண்டரர்’ எனப் பெயரிட்டு, இரண்டு குதிரைகளைப் பூட்டி ஸ்காட்லாந்து வரை சென்றார். ஆனால் அவ்வண்டிக்கு வண்டியோட்டி ஒருவரும், முச்சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று வழி பார்க்கும் பணியாள் ஒருவரும் தேவைப்பட்டனர். இஸ்னியில் எழுந்த சிற்றில்லத்துக்குப் பணியாள் வேண்டுவதில்லை. சமைப்பவரும், ஓட்டுபவரும், துடைப்பவரும் அக்குடும்பத்தாரே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்வழக்கம் எளிய குடும்பங்களிடையேயும் பரவிற்று. பென் பான் என்னும் டச்சு வணிகர் 1947ஆம் ஆண்டில் தம் குறிப்பேட்டில் ஒரு வண்டியின் உருவத்தைச் சில கோடுகளால் வரைந்தார். பெட்டி போன்ற உடலும் பின்புறம் எஞ்சினும் உடைய அவ்வண்டி, 1950ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலையில் உருவாகி வெளிவந்தது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம் அதற்கெனப் பெட்டி வடிவான மரத்தட்டுமுட்டு ஒன்றைச் செய்தது. அதனை உள்ளே வைத்தால் இருக்கையும் படுக்கையும் அலமாரியும் அமையும். வெளியே எடுத்துவிட்டால் வண்டி மீண்டும் சரக்கு வண்டியாகும். வாரம் முழுவதும் சரக்குச் சுமந்து பொருள் ஈட்டித் தந்த வண்டி, ஓய்வு நாளில் அக்குடும்பத்துக்கே மனையாயிற்று. தனியாக ஒரு கார் வாங்க இயலாதவர்க்கு இதனினும் பொருத்தமான அமைப்பு இருந்திருக்க முடியாது. இவ்வாறு வீட்டைத் தன்னுள்ளே கொண்ட மோட்டார் வண்டியைக் ‘கேம்பர்’ என்பர்.

பிள்ளைகள் வளர வளரக் கேம்பரில் இடம் போதாமற் போகும். அந்நிலையில் அதன் பின்னே சிறு கேரவன் ஒன்றைப் பூட்டிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. பெற்றோர் ஒன்றிலும் பிள்ளைகள் மற்றொன்றிலும் உறங்குவர். ஆயினும் தொடக்க காலக் கேம்பரின் எஞ்சின் ஆற்றல் 25 குதிரைத்திறனே. அது கனமான வீட்டை இழுக்க வல்லதன்று. எனவே எடை குறைந்த கேரவன்கள் தேவைப்பட்டன. விமானப் பொறியாளராய் இருந்த எரிக் பாகெம் என்பாரும் எர்வின் ஹைமர் என்பாரும் 1957ஆம் ஆண்டில் ஒன்று கூடி, விமானத்தைப் போலவே உலோகக் குழாய்ச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்த சிறு கேரவனைச் செய்தனர். ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நின்றபின் அதனை மேலே உயர்த்தினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். தாழ்ந்த கூரை காற்றின் தடையைக் குறைத்தது. 1963ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையைச் சட்டம் உறுதி செய்தது. கோடைதோறும் குடும்பங்கள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் கார்டா ஏரியையும் கடற்கரைகளையும் நாடிச் சென்றன.

அம்மலையைக் கடப்பது எளிதன்று. பிரென்னர் கணவாய் கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறும்போது பழைய வண்டி மெல்ல ஊர்ந்து செல்லும். பின்னே மற்ற வண்டிகள் வரிசையாய்க் காத்து நிற்கும். அது பொறுமையைச் சோதிக்குமேயன்றி உயிரைச் சோதிப்பதில்லை. ஆபத்து இறக்கத்தில்தான் உள்ளது. இறங்கும்போது பிரேக்கையே ஓயாது மிதித்து வந்தால் அது வெம்மையுற்றுத் தன் பிடிப்பை இழந்துவிடும். பின்னே பூட்டிய கேரவனோ கேம்பரை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே சரிவு தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறி, எஞ்சினே வேகத்தை அடக்குமாறு செய்தல் வேண்டும்.

கேரவனில் பொருள்களை அடுக்குவதும் ஒரு கலை. தண்ணீர்க் கலம், உணவுப் பெட்டி முதலிய கனத்த பொருள்களைத் தரையை ஒட்டி, சக்கரங்களுக்கு நேரே வைத்தல் வேண்டும். அவற்றைப் பின்கோடியில் குவித்தால், விரைவு மிகும்போது கேரவன் பாம்பு நெளிவது போல இருபுறமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆட்டம் கண்டவுடன் அஞ்சி வேகத்தை மிகுப்பதும், சக்கரத்தை இப்புறமும் அப்புறமும் திருப்புவதும் பேதைமை. முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிட்டு, திசையை நேரே பிடித்து, வேகம் தானே குறையவிடுதலே தக்கது. ஓடும்போது கேரவனுக்குள் எவரும் இருத்தல் ஆகாது. ‘உள்ளே படுத்துக்கொண்டே வருகிறேனே’ என்று கெஞ்சும் பிள்ளைக்குப் பெற்றோர் இணங்கலாகாது.

மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் வீடு உடனே வீடாகிவிடுவதில்லை. முதலில் தரை மட்டமா என்று பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழ்ப் பலகை கொடுப்பர். பிறகு கேம்பரைக் கழற்றி, கேரவனின் நான்கு மூலைகளிலும் உள்ள ஊன்றுகால்களை இறக்குவர். ஒருவர் தண்ணீர் கொணர்வார். ஒருவர் கூரையை உயர்த்துவார். ஒருவர் அடுப்பு மூட்டுவார். கட்டில் விரித்தபின் நடக்க இடமில்லை. ஆகையால் யார் முதலில் படுப்பது, யார் விளிம்பில் படுப்பது என்பதெல்லாம் முன்னரே வகுத்தாக வேண்டும். மழை இரண்டு நாள் விடாது பெய்யுமாயின், அவ்வளவு சிறிய இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருத்தல் சில வேளைகளில் பூசலாகவும் முடியும். இதனை இல்லையென்று கூறுவோர் அத்தகைய மழையில் சிக்கியறியாதவரே. எனினும், ஈரக் காலணிகளைக் கதவருகே வரிசையாய் வைத்து, ஒரே விளக்கின் ஒளியில் சீட்டாடிக் கழித்த அந்த இரண்டு நாள்களைத்தான் பிள்ளைகள் பின்னர்ப் பெரிதும் நினைவு கூர்வர்; வெயில் காய்ந்த நாள்களை மறந்துவிடுவர்.

குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பது பெருந்தவறு. அடுப்பு எரியும்போது காற்று போதாவிடில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு தோன்றும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். சமையல் வாயுவோ காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். தரையில் துளைகள் வைத்திருப்பது அதனை வெளியேற்றவே.

ஐம்பது அறுபது ஆண்டுகள் ஆன இத்தகைய வண்டிகளைப் பேணிக் காத்து, இன்றும் அவற்றிலேயே பயணம் செல்லும் குடும்பங்கள் ஐரோப்பாவில் பல உள்ளன. அவ்வண்டிகளுக்குப் பகை துரு மட்டுமன்று, ரப்பரும் மூப்படைகிறது. டயர் தேயாமல் புதிது போலத் தோன்றினும், ஆண்டுகள் பல கடந்திருந்தால் நம்பத்தக்கதன்று. பின்புற எஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டு செல்லும் குழாய் வெடித்துக் கசியுமாயின், சூடேறிய எஞ்சின்மேல் துளி விழுந்து வண்டி முழுவதும் எரிந்துபோகக்கூடும். பளபளக்கும் வண்ணப் பூச்சுக்குப் பெரும் பொருள் செலவிட்டு, சிறு விலைக்குக் கிடைக்கும் அக்குழாயை மாற்ற மறந்து, வண்டியை இழந்தவர் உண்டு. பழமையைப் போற்றுபவர் ஆண்டுதோறும் முதலில் தொட்டுப் பார்ப்பது அக்குழாயையே.

விடியற்காலையில் மீண்டும் புறப்பாடு. ஊன்றுகால்கள் மேலேறும், கூரை தாழும், அலமாரிக் கதவுகள் தாழிடப்பெறும். இளைய பிள்ளை புல்தரையைச் சுற்றி வந்து, கரண்டியோ கூடார முளையோ கிடக்கிறதா என்று தேடும். பின்னர் அப்பிள்ளையே கேரவனின் பின்னே சென்று நிற்கும். தந்தை பிரேக்கை மிதிக்க, சிவப்பு விளக்குகள் இரண்டும் எரிவதைக் கண்டு கையை உயர்த்தும். அக்கை உயர்ந்த பின்னரே வண்டி நகரும்.