வளவில் முளைக்கும் நச்சுக் காளானை இனங்காணல்



மழை பெய்து ஓய்ந்ததும் கறையான் புற்றருகே முளைக்கும் காளானைக் கறிக்காகப் பிடுங்கி வருதல் நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கமாகும். அதே நாட்களிற் புல் நிறைந்த வளவுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பெரிய வெண்ணிறக் காளானொன்றும் முளைப்பதுண்டு. பார்வைக்கு நல்லதாய்த் தோன்றினும் அது நச்சுடையது. குளோரோபில்லம் மொலிப்டைட்டீசு என்பது அதன் விஞ்ஞானப் பெயர்.

அடையாளங்கள்

1. குடை: இளமையில் முட்டை வடிவாயிருந்து, பின்னர் 4 முதல் 12 அங்குலம் வரை விரியும். வெண்ணிற மேற்பரப்பிலே கபில நிறச் செதில்கள் காணப்படும். நடுவில் அவை நெருங்கியிருக்கும்.

2. தகடுகள்: குடையின் கீழுள்ள மெல்லிய தகடுகள் முதலில் வெண்மையாயிருந்து, முதிர்ந்தபின் சாம்பல் கலந்த பச்சை நிறமடையும்.

3. தண்டு: மேற்பகுதியில் மோதிரம் போன்ற வளையமொன்றுண்டு. தண்டின் அடி சற்றுப் பருத்திருக்கும்.

புற்றுக் காளானின் தண்டோ நிலத்தினுள்ளே வேர்போல் நீண்டு கறையான் கூட்டைச் சென்றடையும். எனவே காளானை ஒடித்தெடாது, அடிவரை தோண்டிப் பார்த்தல் வேண்டும்.

தூட் சோதனை

விரிந்த குடையொன்றைத் தண்டு நீக்கி, தகடுகள் கீழ்நோக்க வெள்ளைக் கடதாசியில் வைத்து, கோப்பையொன்றாற் கவிழ்த்து மூடி, ஓரிரவு விடுக. காலையிற் பச்சை நிறத் தூள் படிந்திருப்பின் அது இந்நச்சுக் காளானே. புற்றுக் காளானின் தூள் இளஞ்சிவப்பாயிருக்கும். ஆயினும், பச்சைத் தூள் இல்லாமை மாத்திரம் காளான் நல்லதென்பதற்குச் சான்றாகாது. உயிரைக் கொல்லுங் காளான்கள் சிலவற்றின் தூள் வெண்மையானது.

எச்சரிக்கை

மொட்டுப் பருவத்திலே தகடுகள் வெண்மையாகவே இருத்தலால் அனுபவமுள்ளோரும் ஏமாறுவர். ஆகவே வளவில் முளைத்த மொட்டுக்களைக் கறிக்கு எடாதீர்கள். பூச்சியரித்த காளான் நல்லதென்பதும், மஞ்சளிட்டு அவித்தால் நஞ்சு நீங்குமென்பதும் பிழையான எண்ணங்கள்.

இக்காளானை உண்டோருக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 மணித்தியாலத்துள் வயிற்றுவலியும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். உடல்நீர் விரைவிற் குறைவதாற் சிறுவர்க்கு ஆபத்து அதிகம். நாட்டு மருந்து செய்து காலந் தாழ்த்தாது, நோயாளியை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. எஞ்சிய காளானையும் கடதாசியிற் சுற்றி எடுத்துச் செல்க; வைத்தியருக்கு அது பெரிதும் உதவும்.

ஐயமுள்ள காளான் அடுப்பேறலாகாது. ஒரு நேரக் கறியை இழத்தல் நட்டமன்று.