நாகைப் பெரும்பள்ளி: சான்று காணும் முறை

"பௌத்தம் தமிழகத்தில் ஏழாம் நூற்றாண்டிலேயே அழிந்தொழிந்தது, நீங்கள் தழுவியிருப்பது புதிதாய் வந்த மார்க்கம்" என்று நம்மிடம் கூறுவோர் உளர். அதற்கு மறுமொழியாக நம் அன்பர்களில் சிலர், ஊர்தோறும் உள்ள கோயில்கள் அனைத்தும் பண்டை விகாரங்களே என்று கூறிவிடுகின்றனர். முன்னது அறியாமை, பின்னது அவசரம். இரண்டிற்கும் சான்று இல்லை. கேட்டதைக் கேட்டபடியே கொள்ளாது ஆராய்ந்து கொள்க என்பது பகவான் காட்டிய நெறியாதலின், நம் முன்னோர் வரலாற்றையும் அந்நெறியாலேயே நாம் கற்றல் வேண்டும். இப்பாடத்தில் நாகப்பட்டினத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சான்றுகள் எவ்வாறு பேசுகின்றன என்பதைக் காண்போம்.

செப்பேடு கூறுவது

முதற் சான்று செப்பேடு. நெடுங்காலம் ஹாலந்து தேசத்து லெய்டன் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டிருந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றும், தானம் செய்யப்பட்ட ஊரின் பெயரால் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் இவை வழங்கும். பெரிய தொகுதியில் 21 ஏடுகளும், சிறிய தொகுதியில் 3 ஏடுகளும் உள்ளன.

கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர், தமிழ்ச் சாசனத்தில் கிடாரத்து அரையர் எனப்படும் சூளாமணிவர்மர், நாகப்பட்டினத்தில் ஒரு விகாரம் எடுப்பிக்கத் தொடங்கினார். அவர் மகனார் மாறவிஜயோத்துங்கவர்மர் அதனை முடித்தார். அவ்விகாரத்திற்கு முதலாம் இராசராச சோழர் தமது 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1006இல், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தார். அவ்வருவாய் 8,943 கலத்திற்குச் சற்று மேற்பட்ட நெல். தானம் செய்த ஊரின் எல்லையைப் பெண் யானையை நடத்திச் சென்று குறித்தனர் என்ற செய்தியும் அதில் உண்டு. தந்தையார் அளித்த அத்தானத்தை இராசேந்திரர் செப்பேட்டில் பொறிப்பித்தார். சிறிய தொகுதி முதலாம் குலோத்துங்கர் காலத்தது, ஏறத்தாழ கி.பி. 1090ஐச் சேர்ந்தது. அப்போதும் இங்குப் பெரும்பள்ளிகள் உரிமைகளுடன் விளங்கின என்பதை அது காட்டுகிறது.

இங்கே அன்பர்கள் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த சைவ மன்னரே இத்தானத்தையும் செய்தார். ஆகவே, சைவ அரசர் அனைவரும் பௌத்தத்தைப் பகைத்தனர் என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. மற்றொன்று, இதனைப் பக்தி ஒன்றாலேயே விளைந்ததாகவும் கருதலாகாது. கீழ்கடல் வாணிகத்தில் ஸ்ரீவிஜயத்தின் நட்பு சோழருக்கு வேண்டியிருந்தது. நட்பு நில்லாதபோது, அதே இராசேந்திரர் கி.பி. 1025 அளவில் கடாரத்தின்மேல் படை செலுத்தினார். சாசனத்தைப் படிப்போர் அதன் அருளையும் காணல் வேண்டும். அதன் அரசியலையும் காணல் வேண்டும்.

படிமங்கள் கூறுவது

இரண்டாவது சான்று மண்ணிலிருந்து வெளிவந்தது. 1856ஆம் ஆண்டு முதற்கொண்டு நாகையில் ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புப் படிமங்கள் கிடைத்தன. அவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அறிஞர் டி. என். இராமச்சந்திரன் அவர்கள் அவற்றை ஆராய்ந்து 1954இல் ஒரு நூல் வெளியிட்டார். சோழர் காலத்துப் படிமங்களுடன், சோழராட்சி முடிந்த பிற்காலத்துப் படிமங்களும் அவற்றுள் உண்டு.

ஒரு படிமத்தின் பீடத்தில் உள்ள தமிழ் எழுத்துகள் நம் சிந்தனைக்கு உரியன. இராசேந்திர சோழப் பெரும்பள்ளியைச் சார்ந்த அக்கசாலைப் பெரும்பள்ளிக்கு, திருவிழாவில் எழுந்தருளச் செய்வதற்கென அமைக்கப்பட்ட படிமம் அது. அக்கசாலை என்பது பொன் முதலியவற்றைக் கொண்டு பணி செய்யும் சாலை. கைத்தொழிலாளரின் பெயரால் ஒரு பள்ளி நின்றது என்பதைத் தங்கவயலில் உழைத்த குடும்பங்களிற் பிறந்த நம் அன்பர்கள் மகிழ்வுடன் குறித்துக்கொள்ளலாம். அவ்வெழுத்துகளில் புத்தர் பெருமான் "ஆழ்வார்" என்று குறிக்கப்படுகிறார். இன்று வைணவத்திற்கே உரியதென நாம் கருதும் சொல் அன்று பௌத்தருக்கும் உரியதாயிருந்தது. எனவே ஒரு சொல்லை மட்டும் கொண்டு, இக்கோயில் இச்சமயத்தது என்று துணிதல் கூடாது. சொல் வழிகாட்டும், அதுவே முடிவாகாது.

பிறநாட்டார் குறிப்பு

மூன்றாவது சான்று பர்மாவிலிருந்து வருகிறது. தம்மசேதி மன்னரின் கல்யாணிக் கல்வெட்டுகள் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியின. மரக்கலம் உடைந்து கரையேறிய பர்மா நாட்டுத் தேரர்கள் நாகப்பட்டினத்தை அடைந்து, பதரிகாராமம் இருந்த இடத்தைக் கண்டு, சீன அரசர் அமைப்பித்த குகையிலிருந்த புத்தர் படிமத்தை வணங்கினர் என்று அவை கூறுகின்றன. செப்பேடும் படிமமும் அயலார் குறிப்பும் ஒன்றையொன்று அறியாமல் எழுந்தவை. எனினும் மூன்றும் ஒரே செய்தியைக் கூறுகின்றன. ஏழாம் நூற்றாண்டிற்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் தமிழ் மண்ணில் புத்தர் பெருமான் வணங்கப்பட்டார். இதனை உறுதியாகக் கூறுவதற்கு நாம் உரத்துப் பேச வேண்டுவதில்லை.

இழந்தது

நான்காவது சான்று இன்று நம் கண்முன் இல்லை. நாகைக் கடற்கரையருகே ஒரு செங்கற் கோபுரம் நின்றது. மக்கள் அதனைச் சீனக் கோயில் என்றனர். 1846இல் சர் வால்டர் எலியட் அதனை நேரிற் கண்டபோது அது மூன்று நிலைகளுடன், சுண்ணச்சாந்து இன்றி இறுக அடுக்கிய செங்கற்களால் ஆகி, சிதைந்து நின்றது. அவ்விடத்தைப் பெற்றிருந்த பாதிரிமாரின் வேண்டுகோளின்பேரில், 1867இல் சென்னை அரசாங்கம் அதனை இடித்துவிட அனுமதி அளித்தது. எலியட் எழுதிய விவரம் 1878இல் வெளிவந்தது. கட்டிடம் போயிற்று, ஒருவர் எழுதிவைத்த குறிப்பு நின்றது. அக்குறிப்பும் இல்லையாயின், அங்கு அப்படி ஒன்று இருந்ததென்று இன்று நாம் கூறினால் யார் நம்புவர்?

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று இதற்கு மறுதலையாக அமைந்தது. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட சிலையைத் தொல்லியல் துறையின் குழுவொன்று ஆராய்ந்து, அதன் இலக்கணங்களைக் கொண்டு அது புத்தர் சிலையே என்று அறிக்கை அளித்தது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அங்கு வென்றது ஆரவாரமன்று; அளந்து பார்த்து எழுதிய சான்று.

நமக்குரிய பாடம்

1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த பண்டிதர் அயோத்திதாசர் ஏடுகளிலும் சொற்களிலும் விழாக்களிலும் பௌத்தத்தின் சுவடுகளைத் தேடினார். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1940இல் "பௌத்தமும் தமிழும்" என்னும் நூலைத் தந்தார். அவ்வழியில் நாமும் செய்யத் தக்கவை மூன்று. பழஞ்சிலை ஒன்றைக் காணின், அதனை இடம் பெயர்க்காமல், அளவும் இடமும் தேதியும் குறித்துப் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல். ஊர்ப் பெரியோர் கூறும் செய்திகளைக் கூறியவாறே எழுதிவைத்தல். கண்டது இது, கேட்டது இது, ஊகம் இது என வேறு வேறாகப் பிரித்து உரைத்தல்.

இறுதியாக ஒன்று. நாகையின் சான்றுகள் தமிழகத்தில் பௌத்தம் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. நம் ஒவ்வொருவருடைய பாட்டனாரும் பௌத்தர் என்று அவை காட்டவில்லை. அதனால் நமக்குக் குறையொன்றும் இல்லை. பிறப்பால் ஒருவர் உயர்ந்தவராவதில்லை, செய்கையாலேயே ஆகிறார் என்பது பகவானின் போதனை. குலத்தின் பழமையைக் காட்டித்தான் மும்மணிகளைச் சரணடைய வேண்டும் என்றால், நாம் எந்தத் தளையை அறுத்து வந்தோமோ அதையே மீண்டும் பூட்டிக்கொண்டவராவோம். வரலாற்றை உண்மைக்காகக் கற்போம். சீலத்தை விடுதலைக்காகக் காப்போம்.

நமோ புத்தாய.