காணி யாருடையதோ, களை எம்முடையது

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களில் எமது குடும்பங்களும் இருந்தன. தென்மராட்சியில் சில மாதங்கள் தங்கிய பின், 1996இல் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தோம். அங்கே ஒரு பெரியவர் தமது வளவின் பின்பக்கத்தில் இரண்டு பரப்பு நிலத்தை எமக்கு ஒதுக்கித் தந்தார். கொட்டில் போட்டது போக மிஞ்சிய இடத்தில் கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் நட்டோம்.

நட்டோம், தண்ணீரும் ஊற்றினோம். ஆனால் களை பிடுங்கவில்லை. "இன்றோ நாளையோ ஊருக்குத் திரும்பிவிடுவோம். மற்றவரின் காணியை நாம் எதற்குத் துப்புரவாக்க வேண்டும்?" என்பதே எமது எண்ணமாக இருந்தது. ஐந்து கிழமைக்குள் கோரையும் சாரணையும் பாத்திகளை மூடிவிட்டன. மிளகாய்க் கன்றுகள் மஞ்சளித்து நின்றன.

ஒருநாள் காலை அந்தப் பெரியவர் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். "பிள்ளையள், காணி என்ரதான். ஆனால் கத்தரி உங்கட கத்தரி. இந்தப் புல்லுத் தின்னுறது என்ர காணியை இல்லை, உங்கட சாப்பாட்டை" என்றார். பிறகு தமது உழவாரத்தைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்.

அன்று குந்தியிருந்து களை பிடுங்கத் தொடங்கினோம். அந்தத் தோட்டம் எமக்குக் கற்றுத் தந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

1. சிறிதாக இருக்கும்போதே பிடுங்குவோம்

பயிருக்குக் களை பெருங்கேடு செய்வது அதன் இளம் பருவத்தில்தான். நட்ட முதல் சில கிழமைகள் பாத்தி துப்புரவாக இருந்தால், கத்தரியும் மிளகாயும் கிளைவிட்டு நிலத்துக்கு நிழல் கொடுக்கும். அதன் பின் முளைக்கும் களை அவ்வளவு பாதிக்காது. வெங்காயம் அப்படியல்ல. அதன் தாள் நிலத்தை மூடாதபடியால், கிழங்கு முற்றும்வரை கவனம் தேவை.

களை பூப்பதற்கு முன் பிடுங்குவது முக்கியம். 1999இல் வவுனியாவில் அடையாளம் காணப்பட்டு, பின்னர் குடாநாட்டிலும் பரவிய பார்த்தீனியத்தைப் பாருங்கள். கரட் இலை போன்ற இலையும் சிறிய வெள்ளைப் பூவும் கொண்ட இந்தச் செடி ஒன்றே 10,000க்கு மேற்பட்ட விதைகளைக் கொட்டக்கூடியது. தோலில் பட்டால் கடியும், தூசி சுவாசத்தில் போனால் இளைப்பும் வரலாம். கைகளுக்கு உறையோ பொலித்தீன் பையோ போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்க முன்னரே வேரோடு இழுக்க வேண்டும்.

மனதில் முளைப்பவையும் இத்தகையவைதான். நிவாரண வரிசையில் கேட்ட ஒரு சுடுசொல், பகிர்வில் குறைந்த ஒரு சுண்டு அரிசி, அயலவர் மீது வந்த ஒரு சந்தேகம் ஆகியவை முதல்நாள் இரு விரலால் பிடுங்கக்கூடிய அளவிலேயே இருக்கும். ஒரு மாதம் விட்டால் மண்வெட்டி வேண்டும். பூத்து விதை கொட்டிவிட்டால் எமது பிள்ளைகளும் அதையே பிடுங்கிக்கொண்டிருக்க நேரும்.

2. கிழங்கை விட்டுத் தாளை வெட்டாதிருப்போம்

கோரையை உழவாரத்தால் செருக்கினால் அன்று மாலை பாத்தி அழகாக இருக்கும். நாலைந்து நாளில் மறுபடியும் பச்சை தெரியும். காரணம், அதன் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில்தான். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய வேர்போன்ற தண்டு ஓடி, சங்கிலிபோல அடுத்தடுத்த கிழங்குகளை உண்டாக்கும். கோரைக்கு மருந்து பொறுமை ஒன்றே. நிலம் ஈரமாக இருக்கும்போது ஆழமாகக் கிளறிக் கிழங்கோடு பொறுக்க வேண்டும். கோடையில் நிலத்தைக் கொத்திப் புரட்டிக் கிழங்குகளைப் பல நாட்கள் வெயிலில் காயவிட வேண்டும்.

எமது குடியிருப்பில் ஒரேயொரு கிணறு இருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் தொடங்கிய வாய்த்தர்க்கம் இரண்டு குடும்பங்களைப் பேசாதிருக்கச் செய்தது. பெரியவர்கள் கூடிச் சமாதானம் செய்தார்கள். மறு கிழமை மீண்டும் சண்டை வந்தது. பிறகுதான் தாளை மட்டும் வெட்டியிருந்தோம் என்பது விளங்கியது. யார் எப்போது, எத்தனை வாளி அள்ளுவது என்பதை ஒருவரும் தீர்க்கவில்லை. எல்லோரும் இருந்து பேசி, காலையில் குடிதண்ணீர், அதன் பின்னரே தோட்டத்துக்கு என்று முறை வைத்தோம். கிழங்கு வெளியே வந்தபின் அந்தச் சண்டை முளைக்கவில்லை.

3. எது களை, எது பயிர் என்று அறிவோம்

அனுபவமில்லாத பிள்ளைகளிடம் வெங்காயப் பாத்தியைக் கொடுத்தால் கோரையோடு வெங்காயமும் வந்துவிடும். ஆகவே முதலில் பக்கத்தில் இருத்திக் காட்டிக் கொடுக்க வேண்டும். களை என்று நாம் வீசுபவை எல்லாம் வீணானவையும் அல்ல. பொன்னாங்காணியும் குப்பைக்கீரையும் இளஞ்சாரணையும் கறிச்சட்டிக்கு உதவும். தெரியாத செடியை மட்டும் அறிந்தவரிடம் காட்டாமல் சமைக்கக் கூடாது.

வேண்டாத இடத்தில் முளைக்கும் செடியே களை என்று விவசாயப் பாடத்தில் சொல்வார்கள். இதைக் கேட்கும்போது இடம்பெயர்ந்த எமக்கு நெஞ்சு உறுத்தும். வந்த இடத்தில் எம்மையும் அப்படிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். "அகதியள் வந்து கிணறும் வற்றுது, விறகும் முடியுது" என்ற பேச்சு எமது காதிலும் விழுந்தது. ஆனால் அதே ஊரில்தான் உழவாரம் தந்த பெரியவரும் இருந்தார். மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், களைகளை உடனே பிடுங்கட்டுமா என்று கேட்ட வேலையாட்களை வீட்டுத் தலைவர் தடுக்கிறார். களையோடு கோதுமையும் போய்விடும் என்பதே அவரது கவலை. பாத்தியில் களையைத் தாமதிக்காமல் பிடுங்குவோம். மனிதரைக் களை என்று தீர்ப்பிட மட்டும் அவசரப்படாதிருப்போம். அவர்கள் எம்மை அப்படித் தீர்ப்பிட்டது எவ்வளவு நொந்தது என்பதை நாம் அறிவோம்.

4. வெறும் நிலமாக விடாதிருப்போம்

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த மழைக்கு மறுபடியும் களை வரும். ஆகவே காய்ந்த இலைகுழையை, வைக்கோலை, பனையோலைத் துண்டுகளைப் பயிரடியில் பரப்புவோம். விதை கொள்ளாத களைகளையே வெயிலில் வாட்டிப் பரப்பலாம். கோரை மூடாக்கையும் துளைத்து வரும். ஆனால் நிழல் அதற்கு ஆகாது. கோரை நின்ற நிலத்தில் வத்தாளையையோ கௌபியையோ நெருக்கமாக வைத்தால், கொடி படர்ந்து நிழல் விழுந்து கோரை மெலியும்.

கவலையும் வெறும் நேரத்தில்தான் படரும். வீட்டையும் உறவுகளையும் இழந்தவரிடம் "கவலைப்படாதே" என்று சொல்வது வெறுமனே செருக்குவது போன்றது. அந்த இடத்தில் ஏதாவது நடவேண்டும். மகனை இழந்த ஒரு தாய் எமது தோட்டத்தில் நாள்தோறும் மாலையில் பயிற்றைக்குக் கம்பு ஊன்ற வருவார். அவரது துக்கம் தீர்ந்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் நாளைக்கு எழும்புவதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது.

5. பராமரித்தது வீண்போகாது

அந்த இரண்டு பரப்பையும் நாம் பின்னர் விட்டுவர நேர்ந்தது. அதில் பட்ட பாடு வீணா? இல்லை. அதிலிருந்து எமது பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பிஞ்சுக் கத்தரியைக் கொண்டுபோய்க் கொடுத்ததில் அயலவர் உறவானார்கள். எடுத்த விதைகளை முடிச்சில் கட்டி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனோம்.

எம்மில் சிலர் பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பினோம். எல்லை தெரியாமல் பற்றை மண்டியிருந்த காணியைக் கண்டு அழுதோம். ஆனாலும் துப்புரவு செய்யும் பழக்கம் கையில் இருந்தது. இன்னும் திரும்பக் கிடைக்காத காணிகளும் உள்ளன. நெடுங்காலம் ஆள் புழங்காத காணிக்குப் போகும் உறவுகள், கண்ணிவெடி அகற்றப்பட்டதை உரிய அதிகாரிகளிடம் உறுதிப்படுத்தாமல் கத்தியோ மண்வெட்டியோ வைக்க வேண்டாம்.

களை தானாக வளரும். பயிருக்குக் கை வேண்டும். காணி எப்போது எமது கைக்கு வரும் என்பது எம்மிடம் இல்லை. இன்று மாலை ஒரு பாத்தியைத் துப்புரவாக்குவது எம்மிடம் உண்டு.

குழுவாக இருந்து கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் திரும்பத் திரும்ப முளைக்கும் சண்டை எது? அதன் கிழங்கு எங்கே இருக்கிறது?

2. யாரையாவது நாம் களை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோமா? அவரிடமிருந்து எமக்குக் கிடைக்கக்கூடிய நன்மை என்ன?

3. பிள்ளைகளுக்குக் களையையும் கீரையையும் பிரித்துக் காட்ட எமது மத்தியில் யாரால் முடியும்? எந்த நாளில் தொடங்கலாம்?

4. முதியவரோ நோயாளரோ உள்ள வீட்டுத் தோட்டத்தில், இந்தக் கிழமை நாம் சேர்ந்து துப்புரவாக்கக்கூடிய பாத்தி எது?