ப்ராக்ஸிக்குப் பின்னால் ஒரு கணிப்பொறி

வீட்டில் ஒரு மென்பொருளை நிறுவுவது இன்று பெரிய காரியமில்லை. கட்டளையைத் தட்டுகிறோம், இணையத்திலிருந்து இறங்குகிறது, வேலை முடிந்தது. அதே கணிப்பொறியைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் வைத்தால் கதை மாறிவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று ஏதோ ஓர் ஊரில் விடுதியில் இருந்து படிக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது இந்தப் பாடம் பயன்படும். பெற்றோரும் படிக்கலாம், காரணம் பின்னால் வருகிறது.

என் அக்கா மகன் வடக்கே ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். அங்குள்ள தமிழ் மாணவர்கள் பொங்கலுக்கு ஓர் இதழ் கொண்டுவருவது வழக்கம். தட்டச்சு வேலையை இவன் ஏற்றுக்கொண்டான். எங்கள் வீட்டில் சும்மா கிடந்த பழைய கணிப்பொறியில் டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தனுப்பினேன். விடுதியில் ஒரு பொது அறையில் அதை வைத்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. இரண்டாம் நாளே போன் வந்தது.

"மாமா, ப்ரவுசர்ல எல்லாம் வருது. ஆனா தமிழ் ஃபாண்ட் இறக்கப் போனா மாட்டேங்குது. 407-னு ஏதோ சொல்லுது."

அவனுக்கு வேண்டியவை மூன்று: தமிழ் எழுத்துருக்கள், தமிழ் 99 விசைப்பலகை, லிப்ரே ஆபீஸின் தமிழ் முகப்பு. மூன்றும் திறந்தமூல மென்பொருள்கள்தான். காசும் கிடையாது, உரிமத் தொல்லையும் கிடையாது. நடுவில் நின்றது ப்ராக்ஸி.

கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. வகுப்புக்கு மட்டம் போட்ட நண்பனுக்காக வேறொருவன் "எஸ் சார்" சொல்வதைத்தான் ப்ராக்ஸி என்போம். இங்கும் அதே வேலைதான். விடுதியில் உள்ள கணிப்பொறி நேரே வெளியே போக முடியாது. அது கேட்பதை ப்ராக்ஸிக் கணிப்பொறி தானே வெளியே போய் வாங்கிவந்து தருகிறது. 1996-இல் வெளிவந்த ஸ்க்விட் என்ற திறந்தமூல மென்பொருள் இவ்வேலைக்குப் பெயர்பெற்றது. அதன் வழக்கமான வாசல் எண் 3128. யார் என்ன இறக்கினார்கள், எவ்வளவு இறக்கினார்கள் என்று நிர்வாகத்துக்குக் கணக்கு வேண்டியிருப்பதால், பல இடங்களில் இந்த ப்ராக்ஸி முதலில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்.

407 என்பது அந்தக் கேள்விதான். 404 என்றால் "கேட்ட பக்கம் இல்லை". 401 என்றால் போய்ச் சேர்ந்த தளம் அடையாளம் கேட்கிறது. 407 என்றால் நடுவில் உள்ள ப்ராக்ஸி கேட்கிறது. ஆகவே 407 வந்தால் கவலைப்பட வேண்டாம். கம்பி சரி, ப்ராக்ஸியின் முகவரியும் சரி, பெயர் சொல்வதுதான் பாக்கி. அப்படியில்லாமல் நெடுநேரம் ஒன்றுமே நடக்காமல் நின்றாலோ, தளத்தின் முகவரியே கிடைக்கவில்லை என்று சொன்னாலோ, அந்த நிரலுக்கு ப்ராக்ஸி இருப்பதே தெரியாது, நேரே வெளியே ஓடப் பார்க்கிறது என்று பொருள். இந்த இரண்டையும் பிரித்தறிந்தாலே பாதி நேரம் மிச்சம்.

ப்ரவுசரில் வருகிறது, மற்றதில் ஏன் வரவில்லை? ப்ரவுசர் ஒரு சிறு பெட்டியைக் காட்டிப் பெயர் கேட்கிறது, கேட்டதை நினைவில் வைத்துக்கொள்கிறது. அது ப்ரவுசரின் சொந்த விவகாரம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனுக்கு உங்களைத் தெரியும் என்பதற்காக உங்கள் வீட்டுக்கு வரும் தச்சரை அவர் சும்மா விடுவதில்லை. அவரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். டெபியனில் மென்பொருளை இறக்கும் ஆப்ட் என்ற நிரலும் அப்படித்தான். அதற்குக் கேட்கும் பெட்டி கிடையாது. நாம்தான் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். பெயரையும் பாஸ்வேர்டையும் ப்ராக்ஸி முகவரியோடு ஒரே வரியில் சேர்த்து எழுதச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டாமே என்று, திரை திறக்கும்போதெல்லாம் தானே ஓடும் கோப்பிலும் அந்த வரியைப் போடச் சொன்னேன். இருபது நிமிடத்தில் எல்லாம் இறங்கின. இருவருக்கும் பெருமை. ஆனால் தட்டிய கட்டளைகளையெல்லாம் லினக்ஸ் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். மேல்நோக்கிய அம்புக்குறி விசையை நாலு முறை தட்டினால் அந்த வரி பாஸ்வேர்டோடு வந்து நிற்கும். பொது அறையில் வந்து உட்கார்ந்த யாரோ ஒரு பிள்ளை அதைக் கண்டுகொண்டான். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. சினிமாப் படங்களாக இறக்கியிருக்கிறான். மூன்றாவது வாரம் இவன் பெயரில் மாத அளவு தீர்ந்து, கணக்கு முடக்கப்பட்டது. தேர்வுக்குப் பதிவு செய்வதும் அதே பெயர், அதே பாஸ்வேர்டில்தான். மறுநாள் கடைசித் தேதி. அவன் கணினி மையத்தின் வாசலில் மாலை வரை நின்று, எழுதிக் கொடுத்து, ஒரு வழியாகத் திறந்துவிட்டார்கள். அன்று அக்கா என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது.

சரியான வழி இதோ. கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் "சூடோ மைனஸ் ஐ" என்று தட்டி நிர்வாகியாகிவிடுங்கள். இதை முதலிலேயே செய்யக் காரணம் உண்டு. சாதாரணப் பயனராக இருந்து ப்ராக்ஸியை அமைத்துவிட்டுப் பிறகு சூடோ போட்டால், அமைத்ததைப் பெரும்பாலும் அது உதறிவிடும். "எல்லாம் சரியாத்தானே செய்தேன்" என்று பலர் முழிப்பது இந்த இடத்தில்தான்.

அடுத்து "ரீட் மைனஸ் ஆர்எஸ் பி" என்று தட்டி என்டர் அழுத்துங்கள். ஆர்எஸ் என்பது ஆர், எஸ் என்ற இரண்டு எழுத்துகள். கணிப்பொறி பேசாமல் காத்திருக்கும். இப்போது பாஸ்வேர்டைத் தட்டி மறுபடி என்டர். திரையில் எதுவும் தெரியாது. வரலாற்றுக் கோப்பிலும் ஏறாது. பி என்ற பெயருக்குள் அது போய் உட்கார்ந்திருக்கிறது.

பாஸ்வேர்டில் குறிகள் இருந்தால் மட்டும் கவனம். ப்ராக்ஸி வரியில் பெயர், முக்காற்புள்ளி, பாஸ்வேர்டு, அட் குறி, முகவரி என்று வரிசை. பாஸ்வேர்டுக்குள்ளேயே ஓர் அட் குறி இருந்தால், முகவரி எங்கே தொடங்குகிறது என்று நிரல் குழம்பிவிடும். ஆகவே அட் குறிக்குப் பதில் %40 என்று தட்டுங்கள். முக்காற்புள்ளிக்கு %3A, சாய்கோட்டுக்கு %2F, ஹாஷ் குறிக்கு %23, விழுக்காட்டுக் குறிக்கே %25. என் அக்கா மகனின் பாஸ்வேர்டில் அட் குறி இருந்தது. அதற்கே ஒரு மணி நேரம் போயிற்று.

பிறகு "எக்ஸ்போர்ட்" என்ற சொல், ஓர் இடைவெளி, எச்டிடிபி, அடிக்கோடு, ப்ராக்ஸி, சமக்குறி. அதையொட்டி இரட்டை மேற்கோளுக்குள் எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, உங்கள் பயனர் பெயர், முக்காற்புள்ளி, டாலர் குறி, பி, அட் குறி, ப்ராக்ஸியின் முகவரி, முக்காற்புள்ளி, 3128 அல்லது உங்கள் நிறுவனம் சொல்லும் எண். வரலாற்றில் ஏறுவது டாலர் பி மட்டுமே. இதே வரியை எச்டிடிபிஎஸ் அடிக்கோடு ப்ராக்ஸி என்ற பெயரிலும் ஒரு முறை போடுங்கள். பெயரில் எஸ் உண்டு. மேற்கோளுக்குள் எஸ் வேண்டாம். ப்ராக்ஸி வரைக்குமான பேச்சு பெரும்பாலான இடங்களில் சாதாரண எச்டிடிபியாகவே இருப்பதால் இப்படி.

இனி "ஆப்ட் அப்டேட்", பிறகு "ஆப்ட் இன்ஸ்டால்" என்று போட்டு மூன்று பெயர்கள். எழுத்துருக்களுக்கு ஃபாண்ட்ஸ், சிறுகோடு, டி ஏ எம் எல். விசைப்பலகைக்கு ஐபஸ், சிறுகோடு, எம்17என்; சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் உருவான தமிழ் 99 அமைப்பு இதோடு வருகிறது. முகப்புக்கு லிப்ரேஆபீஸ், சிறுகோடு, எல்10என், சிறுகோடு, டிஏ. அதென்ன எல்10என்? லோக்கலைசேஷன் என்ற ஆங்கிலச் சொல்லில் எல்லுக்கும் என்னுக்கும் நடுவே பத்து எழுத்துகள். எழுதச் சோம்பல்பட்டவர்கள் எண்ணிக்கையைப் போட்டுவிட்டார்கள். எம்17என்னும் அதே சோம்பல்தான். டிஏ என்பது தமிழுக்கான சர்வதேசக் குறி.

முடிந்ததும் "எக்ஸிட்". பாஸ்வேர்டும் அதோடு மறைந்துவிடும். அடுத்த முறை மறுபடி தட்ட வேண்டும் என்பது தொல்லைதான். பொதுக் கணிப்பொறியில் அந்தத் தொல்லையைப் பட்டுத்தான் ஆக வேண்டும்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 407 விடாமல் வந்தால், உங்கள் ப்ராக்ஸி என்டிஎல்எம் என்ற மைக்ரோசாஃப்ட் முறையில் அடையாளம் கேட்கிறதா என்று விசாரியுங்கள். ஆப்ட்டுக்கு அந்த மொழி தெரியாது. சிஎன்டிஎல்எம் என்ற சிறு திறந்தமூல நிரல் உங்கள் கணிப்பொறியிலேயே உட்கார்ந்து துபாஷி வேலை பார்க்கும். உபுண்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஸ்னாப் வழியாக வரும் மென்பொருள்கள் மேலே சொன்ன வரிகளைப் பார்ப்பதில்லை, அதற்கு ஸ்னாப்பிலேயே தனியாக ப்ராக்ஸியை அமைக்க வேண்டும்.

சில நிறுவனங்கள் பூட்டிய எச்டிடிபிஎஸ் பேச்சையும் நடுவில் பிரித்துப் பார்க்கின்றன. அப்போது சான்றிதழ் பிழை வரும். சான்றிதழைச் சரிபார்க்காதே என்று நிரலுக்குச் சொல்லிவிடும் குறுக்கு வழியை யாராவது சொல்லித்தருவார்கள், கேட்காதீர்கள். கணினி மையத்துக்கு நேரில் போய் நிறுவனத்தின் சான்றிதழை வாங்கிக் கணிப்பொறியில் சேர்ப்பதே முறை. ஆப்ட் இறக்கும் பொதிகளுக்கு வேறொரு காவலும் உண்டு: டெபியனின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அது நிறுவும். அதனால் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே டெபியனின் பிரதிக் கிடங்கு இருந்தால் தைரியமாக அதிலிருந்தே இறக்கலாம். உள்ளூர் வழியாதலால் பெரும்பாலும் ப்ராக்ஸியே வேண்டியிருக்காது. முதலில் இதை விசாரித்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் மேற்சொன்ன வேலையில் இறங்குங்கள்.

மேற்சொன்ன வழியிலும் ஒரு குறை உண்டு. பேசிக் என்ற எளிய முறையில் பாஸ்வேர்டு ப்ராக்ஸிக்குப் போகும்போது வெறும் பேஸ்64 வடிவத்தில் போகிறது. அது மறையெழுத்தல்ல, எழுத்தை மாற்றி எழுதுவது மட்டுமே. நடுவில் கம்பியைக் கவனிப்பவர் நொடியில் படித்துவிடலாம். ப்ராக்ஸிக்கென்று தனி பாஸ்வேர்டு தருவார்களா என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தந்தால், தேர்வு, கட்டணம், மின்னஞ்சல் இவற்றின் பாஸ்வேர்டு இந்த வழியில் போகவே வேண்டாம்.

எங்களைப் போல ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டவர்கள் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு கோப்புகளில் உள்ள வரிகளை அழியுங்கள். நாங்கள் அவசரத்தில் வரியை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். யாரோ ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார்கள் போலும். மறுநாளும் படம் இறங்கியது. மாற்றிய பிறகுதான் நின்றது. பொங்கல் இதழ் நான்கு நாள் தாமதமாக வந்தது, தமிழ் 99-இல் அடித்த முப்பத்திரண்டு பக்கங்களுடன்.