பாஸ்டன் மாரத்தான் கற்றுத்தரும் பாடம்

அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான், உலகில் ஆண்டுதோறும் நடத்தப்பெறும் மாரத்தான்களுள் மிகப் பழமையானது. ஏதென்ஸில் 1896ஆம் ஆண்டு நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியின் தாக்கத்தால், 1897 ஏப்ரல் 19 அன்று இது தொடங்கியது. அன்று ஓடப் புறப்பட்டவர்கள் 15 பேர் மட்டுமே. நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் மெக்டெர்மாட் முதலிடம் பெற்றார். இன்று ஓடும் தூரம் 42.195 கிலோமீட்டர்.

இப்பந்தயத்தின் வரலாற்றில், "உன் உடலால் இயலாது" என்ற தீர்ப்பு பலருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. அத்தீர்ப்புகள் பின்னர் என்னவாயின என்பதை அறிவது, நோயுற்றோருக்கும் அவரைப் பேணுவோருக்கும் பயன் தரும்.

முதலாவதாக, கிளாரன்ஸ் டிமார் என்னும் அச்சுத் தொழிலாளியின் வாழ்க்கையைக் காண்போம். 1911இல் பந்தயத்துக்கு முன் அவரைப் பரிசோதித்த மருத்துவர்கள், இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்பதாகக் கூறி எச்சரித்தனர். அன்று அவர் வென்றார். ஆயினும் அடுத்த வெற்றி 1922இல்தான் கிட்டியது. 1930இல் தம் 41ஆம் வயதில் ஏழாம் முறையாக வென்றார். 1958இல் புற்றுநோயால் அவர் இறந்தபின் நடந்த உடற்கூறாய்வில், அவருடைய இதயத் தமனிகள் இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தது தெரியவந்தது.

இதிலிருந்து மருத்துவரின் எச்சரிக்கையைப் புறக்கணிக்கலாம் என்று நாம் முடிவு செய்தல் கூடாது. முணுமுணுப்பு ஒலி சிலருக்குத் தீங்கற்றது. சிலருக்கோ இதய வால்வுக் கோளாற்றின் அறிகுறி. டிமார் காலத்தில் மருத்துவர் பெரிதும் தம் செவியையே நம்ப வேண்டியிருந்தது. இன்று எக்கோ பரிசோதனை அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே அச்சத்தால் முடங்குவதும் தவறு. பரிசோதிக்காமல் துணிவதும் தவறு.

பெண்களின் உடல் இத்தூரத்தைத் தாங்காது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1966இல் பாபி கிப் என்னும் பெண், அனுமதி மறுக்கப்பட்ட நிலையிலும், பதிவு எண் இன்றியே ஓடி முடித்தார். 1972இல் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டபோது, கலந்துகொண்ட எட்டுப் பேரும் இறுதிவரை ஓடினர். சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்ட பாப் ஹால், 1975இல் சக்கர நாற்காலியில் பங்கேற்க விரும்பினார். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் சான்றிதழ் உண்டு என்றனர். அவர் 2 மணி 58 நிமிடங்களில் முடித்தார்.

பேணுவோர் சிறப்பாகக் கருதத்தக்கவர்கள் ஹாய்ட் குடும்பத்தினர். மகன் ரிக், பிறப்பிலேயே பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். கணினியின் துணையால் தம் கருத்தைத் தெரிவித்தவர். 1977இல், விபத்தில் முடங்கிய ஒரு விளையாட்டு வீரருக்கு உதவி திரட்ட நடந்த ஓட்டத்தில் பங்கேற்க வேண்டும் என்று கேட்டவர் ரிக்தான். தந்தை டிக், அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். பின்னர் இருவரும் பாஸ்டனில் மட்டும் 32 முறை பங்கேற்றனர். ஒருமுறையும் அவர்கள் முதலிடம் பெற்றதில்லை. எனினும் ஓட்டம் தொடங்கும் ஹாப்கின்டன் ஊரில் இருவருக்கும் சிலை உண்டு.

அன்பின் மிகுதியால், நோயுற்றவரைக் கேளாமலேயே "அவரால் இயலாது" என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். இனி முதலில் அவர் விருப்பத்தைக் கேட்போம். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வாறு படிப்படியாக உயர்த்தலாம், எந்த அறிகுறி தோன்றினால் நிறுத்த வேண்டும் என்று இருவரும் சேர்ந்து வினவுவோம். நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும்.